மூன்று நாளில் முடியாத மருந்து

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. காய்ச்சலுக்கும் சளிக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் இது பொருந்தும். ஆனால் மூன்று நாளில் விடைபெற்றுச் செல்லாமல் வீட்டில் ஒருவராய்க் குடியேறிவிடும் நோய்களும் உள்ளன. அவற்றுள் நாம் நன்கறிந்தது நீரிழிவு. சர்க்கரை வியாதி என்று சொன்னால் இன்று சிறு பிள்ளைக்கும் விளங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் இந்நோயுடன் வாழ்வோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று மதிப்பிட்டது.

இந்நோயின் வரலாற்றைச் சொல்ல வருவோர் பெரும்பாலும் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையையே சொல்வர். அது சொல்லத்தக்க கதைதான். ஆனால் அதனூடே மற்றொரு வரலாறும் ஓடுகிறது. மருத்துவர் நோயாளியை மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் காண்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் அந்த உடலைக் காப்பவர் யார்? பூட்டிய கதவா, அச்சமா, அல்லது நோயாளியின் சொந்த அறிவா? இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த நெடும் பயணத்தையே இக்கட்டுரையில் நாம் பின்தொடர்வோம்.

இனிப்பை இனங்கண்டவர்கள்

நம் நாட்டுப் பண்டைய ஆயுர்வேத நூல்கள் இதனை மதுமேகம் என்றழைத்தன. தேனைப் போன்ற சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதை அம்மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். மெலிந்தவர்க்கு வருவது ஒருவகை, பருத்தவர்க்கு வருவது வேறொருவகை என்றும் பிரித்தறிந்தனர். சுசுருதரின் பெயரால் வழங்கும் நூல், நெடுந்தொலைவு நடப்பதையும் கிணறு வெட்டுவதையும்கூட மருத்துவமாகக் கூறுகிறது. உடல் உழைப்பு இந்நோய்க்கு மருந்து என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது.

மேலை நாட்டில் கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அரேத்தாயுஸ், தசையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராய் ஓடிவிடும் கொடுமை என்று இதனை வருணித்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் கழித்து, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பைப் பதிவு செய்தார். லிவர்பூல் நகரின் மேத்யூ டாப்சன் 1776-இல் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிப்பதை அவர் கண்டார். ஆகவே நோய் சிறுநீரகத்தோடு நின்றுவிடவில்லை, உடல் முழுவதிலும் பரவியிருக்கிறது என்பது புலனாயிற்று. 1797-இல் ஜான் ரோலோ என்ற படை மருத்துவர், மெரிடித் என்னும் படைத்தலைவருக்கு மாவுச்சத்தை நீக்கி இறைச்சியை மிகுதியாகக் கொண்ட உணவு அளித்து, அதனால் ஏற்பட்ட நன்மையை நூலாக வெளியிட்டார். உணவை மாற்றினால் நோயின் போக்கும் மாறும் என்பதற்கு மேலை மருத்துவத்தில் கிடைத்த தெளிவான தொடக்கச் சான்று இது எனலாம்.

முற்றுகையிட்ட நகரம் கற்பித்த பாடம்

1870-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை வளைத்துக்கொண்டன. 1871 சனவரி வரை நீடித்த முற்றுகையில் மக்கள் பட்டினியால் வாடினர். குதிரை இறைச்சியும் அரிதாகி, எலிகளைத் தின்னும் நிலை வந்தது. அந்நகரில் அப்போல்லினேர் பூஷார்தா என்ற மருத்துவர் இருந்தார். ஊரெல்லாம் நலிந்துகொண்டிருந்த அந்நாள்களில் தம் நீரிழிவு நோயாளிகள் சிலரின் சிறுநீரிலிருந்து சர்க்கரை மறைந்துபோனதை அவர் கவனித்தார். பஞ்சம் என்னும் துன்பத்திலிருந்தும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளும் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

குறைவாக உண்ண வேண்டும், அவ்வப்போது நோன்பு நாள் வேண்டும், உடல் உழைப்பு வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். மருந்து கேட்டு வந்த ஒருவரிடம், ஆதாமுக்குச் சொல்லப்பட்டதுபோலவே, நெற்றி வியர்வையால் உணவை ஈட்டிக்கொள்ளும்படி அவர் கூறினாராம். தொடக்க நூலில் தண்டனையாக ஒலிக்கும் சொல், ஒரு மருத்துவரின் நாவில் நலம் தரும் அறிவுரையாக மாறியதை எண்ணி நாம் வியக்கலாம்.

இவற்றினும் முக்கியமான ஒன்றையும் பூஷார்தா செய்தார். நோயாளிகள் தம் சிறுநீரை நாள்தோறும் தாமே சோதிக்க வேண்டும் என்று கற்பித்தார். எந்த உணவு தனக்கு ஒத்துக்கொள்கிறது, எது ஒவ்வாது என்பதை அறியும் திறவுகோலை அவர் நோயாளியின் கையிலேயே கொடுத்தார்.

அதே நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் அர்னால்தோ காந்தானி என்னும் மருத்துவர் வேறு வழியைக் கையாண்டார். நோயாளி ஒளித்து உண்ணாதபடி அவரை அறையில் வைத்துப் பூட்டினார். இருவரும் விரும்பியது ஒன்றே, உணவுக் கட்டுப்பாடு. ஒருவர் அதற்காக நோயாளியை நம்பினார், மற்றவர் பூட்டை நம்பினார். இந்த இரு வழிகளும் அடுத்த நூற்றாண்டிலும் ஒன்றோடொன்று மோதின.

பட்டினியின் ஆண்டுகள்

1889-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்குக் கடும் நீரிழிவு வந்தது. கணையத்திலிருந்து சுரக்கும் ஏதோ ஒன்றின் குறையே இந்நோய் என்பது இதனால் தெரிந்தது. ஆனால் அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அதுவரை என்ன செய்வது? அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய பிரெடெரிக் ஆலன், விலங்குகளை வைத்துப் பல ஆய்வுகள் செய்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்நோயில் உடலால் மாவுச்சத்தை மட்டுமன்றிப் பிற உணவுகளையும் சரிவரக் கையாள முடிவதில்லை. கொழுப்பு அளவுமீறி எரிக்கப்படும்போது இரத்தத்தில் அமிலங்கள் சேர்ந்து, நோயாளி நினைவிழந்து இறக்கிறார். ஆகவே உடல் தாங்கும் அளவுக்கே உணவு தரவேண்டும். முதலில் சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை முழுப் பட்டினி, பின்னர் மிகக் குறைந்த அளவில் படிப்படியாக உணவு. காய்கறிகளை மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிட்டு, சத்தெல்லாம் நீங்கிய சக்கையை வயிறு நிறைவதற்காகத் தருவதும் உண்டு.

நடுத்தர வயதைக் கடந்தோர் பலர் இம்முறையால் நன்மை பெற்றனர். ஆனால் சிறுவரின் நிலை வேறு. அவர்களுக்குக் கணையத்தின் சுரப்பு அறவே நின்றுபோகும் வகை நோய் வருகிறது. அமிலத்தால் விரைந்து சாவதா, பசியால் மெல்லச் சாவதா என்பதே அவர்கள் முன் இருந்த தெரிவு. ஆலனிடம் இருந்த பார்வையிழந்த ஒரு சிறுவனின் சிறுநீரில் சர்க்கரை மீண்டும் மீண்டும் தென்பட்டது. அறைக்குள் அடைத்து வைத்தும் அது நிற்கவில்லை. இறுதியில் உண்மை வெளிப்பட்டது. அவன் பற்பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் தின்றிருந்தான்.

அக்காலத்தில் இத்தகைய செயலுக்கு ஏமாற்றுதல் என்று பெயர். பசித்த பிள்ளையின் செயலை ஒரு குற்றத்தின் பெயரால் அழைப்பதைக் கேட்கையில் நம் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஆலனைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பிடுவதும் நீதியன்று. ஓர் ஆண்டு தாண்டினால் ஏதேனும் வழி பிறக்கலாம் என்ற நம்பிக்கையில், கையிலிருந்த ஒரே கருவியை அவர் பயன்படுத்தினார். அந்த நம்பிக்கை சிலர் வாழ்வில் மெய்யாயிற்று.

அவர்களில் ஒருவர் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக விளங்கிய சார்லஸ் எவன்ஸ் ஹியூசின் மகள். 1919-இல், தம் பதினோராம் வயதில், இந்நோய்க்கு ஆளாகி ஆலனிடம் வந்தார். அப்போது ஏறத்தாழ 34 கிலோ இருந்த அவரது எடை, 1922 ஆகஸ்டில் 20 கிலோவாகக் குறைந்துவிட்டது. பதினைந்து வயதை எட்டும் பெண்ணுக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் எடை! மூன்றாண்டுகளுக்கு மேலாக, கிராம் கணக்கில் நிறுக்கப்பட்ட உணவை உண்டு, நூல்களை வாசித்து, பெற்றோருக்கு மகிழ்ச்சியான மடல்கள் எழுதி அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

இதற்குள் கனடாவின் டொராண்டோ நகரில் வழி பிறந்திருந்தது. 1921-இல் பிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும், பேராசிரியர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், கணையத்தின் சாற்றைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் இறங்கினர். அதனைத் தூய்மைப்படுத்தும் பணியில் ஜேம்ஸ் காலிப் சேர்ந்தார். 1922 சனவரி 11-இல் லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. காலிப் தூய்மைப்படுத்திய மருந்து சனவரி 23-இல் செலுத்தப்பட்டபோது அவன் உடல் தேறத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத்தும் டொராண்டோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சில வாரங்களில் அவர் வயிறார உண்டார், எடை கூடினார். பின்னர் கல்வி கற்று, மணம் புரிந்து, மூன்று மக்களுக்குத் தாயாகி, 1981-இல் தம் 73-ஆம் வயதில் மறைந்தார். அதுவரை அவர் போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசிகள் ஏறத்தாழ 42,000.

பள்ளிக்கூடமான மருத்துவமனை

இவ்வரலாற்றில் நாம் சற்று நின்று நோக்கவேண்டிய மனிதர் எலியட் ஜாஸ்லின். பாஸ்டன் நகர மருத்துவர். 1869-இல் பிறந்தவர். அவருடைய தாயாரும் நீரிழிவு நோயாளியே. தம்மிடம் வந்த ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் பேரேட்டில் குறித்து வைத்து, யார் நெடுநாள் வாழ்கிறார், ஏன் வாழ்கிறார் என்று ஆராய்ந்தார். ஆலனின் உணவுக் கட்டுப்பாட்டை அவரும் கையாண்டார். ஆனால் நோயைப் பற்றி மிகுதியாக அறிந்தவரே மிகுதியாக வாழ்கிறார் என்ற முடிவுக்கும் வந்தார்.

ஆகவே 1918-இல், இன்சுலின் வருவதற்கு முன்னரே, மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துவதற்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். மருத்துவ நூல் மருத்துவருக்கே உரியது என்றிருந்த காலத்தில் இது துணிவான செயல். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டனர். உணவை நிறுக்கவும், சிறுநீரைச் சோதிக்கவும், பின்னாளில் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளவும், பாதங்களைப் பேணவும் கற்றனர். பயிற்சி பெற்ற செவிலியர் வீடுகளுக்கே சென்று, சமையலறையில் நின்று கற்பித்தனர். நோயாளியை மூன்று குதிரைகள் பூட்டிய தேரின் சாரதியாக ஜாஸ்லின் உருவகித்தார். உணவு, உடற்பயிற்சி, இன்சுலின் என்பவை அக்குதிரைகள். மூன்றும் ஒன்றுபோல ஓடவேண்டும். கடிவாளம் நோயாளியின் கையில் இருக்கவேண்டும்.

இன்சுலின் வந்ததும் நோயே ஒழிந்துவிட்டது என்று உலகம் எண்ணியது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு உண்மை தெரிந்தது. உயிர் பிழைத்தவர்களின் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் மெல்லப் பழுதடைந்தன. காற்புண் ஆறாமல் காலையே இழந்தோர் பலர். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இவற்றைத் தடுக்கலாம் என்று ஜாஸ்லின் சொல்லிவந்தார். தடுக்க முடியாது என்று வாதிட்ட மருத்துவரும் இருந்தனர். இவ்வழக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1962-இல் 92 வயதில் ஜாஸ்லின் இறந்தபோதும் தீர்ப்பு வரவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பெரும் ஆய்வு 1993-இல் தீர்ப்புச் சொன்னது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண்நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும் ஆபத்து மும்மடங்கானது. கட்டுப்பாட்டிலும் அளவு வேண்டும் என்பதை இது சேர்த்தே உணர்த்திற்று.

தாமே மருத்துவரானவர்கள்

தன்னைத் தான் பேணுதல் எத்துணை உயரம் செல்லக்கூடும் என்பதற்கு இரண்டு வாழ்க்கைகளைக் காட்டலாம்.

ஈவா சாக்சல், செக் நாட்டின் பிராக் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கணவருடன் ஷாங்காய் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பெண். அந்நகர் சப்பானியர் பிடியில் விழுந்ததும் இன்சுலின் கிடைப்பது நின்றது. அவரும் கணவர் விக்டரும் ஒரு மருத்துவ நூலில் கண்ட செய்முறையைக் கொண்டு, சீனர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில், நீரெருமைகளின் கணையத்திலிருந்து இன்சுலின் வடித்தனர். முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தபின், ஈவா அதைத் தமக்கே போட்டுப் பார்த்தார். பின்னர் அங்கிருந்த பிற நோயாளிகளுக்கும் அது வழங்கப்பட்டது.

மற்றவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், அமெரிக்கப் பொறியாளர். 1946-இல், பன்னிரண்டு வயதில், இந்நோய் அவருக்கு வந்தது. நடுத்தர வயதை நெருங்குகையில் உடல் பழுதடையத் தொடங்கிவிட்டது. ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி அப்போது மருத்துவமனைகளுக்கு மட்டுமே விற்கப்பட்டது. மருத்துவரான தம் மனைவியின் பெயரால் 1969-இல் அதைப் பெற்று, நாள்தோறும் பலமுறை அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப அமைத்து நலம் பெற்றார். இதை அவர் எழுதியபோது மருத்துவ இதழ்கள் ஏற்க மறுத்தன. ஆகவே நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். அவர் வகுத்த கடுமையான மாவுச்சத்துக் குறைப்பை எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 2025-இல், 90 வயதில் அவர் மறைந்தார்.

நம் மண்ணில்

சென்னை இராயபுரத்தில் 1954-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனையை நிறுவினார். சோற்றை முற்றாக விலக்கச் சொன்னால் நம் மக்களால் இயலுமா? நார்ச்சத்து மிகுந்த உணவை அளவோடு உண்ணும் முறை நம் உணவுப் பழக்கத்தோடு இசைந்து செல்லக்கூடியது என்பதை இத்தகைய மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். நோய் வருமுன் காக்க இயலுமா என்ற வினாவுக்கும் சென்னை மருத்துவர்கள் விடை தேடினர். நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளிவந்த ஆய்வில், நடைப்பயிற்சியும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது கண்டறியப்பட்டது. முழுக் காப்பு இது அன்று. ஆயினும் மாத்திரையின்றிக் கிடைத்த பயனை நாம் எளிதாய் எண்ணலாகாது.

நாம் கொள்ளவேண்டியவை

இவ்வரலாறு நம் இல்லங்களுக்குச் சில உண்மைகளைச் சொல்கிறது.

நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கலாகாது. வாயைக் கட்டாததால் வந்த வினை என்று உறவினர் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். இருபது கிலோவாய்ச் சுருங்கிய எலிசபெத் எந்தப் பெருந்தீனியால் நோயுற்றார்? பெரியவர்க்கு வரும் வகையிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. பழி சுமத்தப்பட்டவர் ஒளித்து உண்பார், சோதனையைத் தவிர்ப்பார், புண்ணை மறைப்பார். நேப்பிள்ஸ் மருத்துவர் போட்ட பூட்டை நம் வீட்டில் நாம் சொல்லாலேயே போட்டுவிடக் கூடாது.

உணவுக் கட்டுப்பாடு மருந்துக்கு மாற்று அன்று. பத்தியம் இருக்கிறேன், ஆகவே இன்சுலினை நிறுத்திவிட்டேன் என்பவர் 1922-க்கு முந்திய காலத்துக்குத் திரும்பிச் செல்கிறார். கணையச் சுரப்பு நின்றுபோன பிள்ளைக்கு எந்தப் பத்தியமும் இன்சுலினுக்கு ஈடாகாது. ஆலனின் வார்டில் இறந்த சிறுவர்கள் அதற்குச் சாட்சிகள். அதுபோலவே மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்ப்பதும் ஆபத்து. தவக்காலத்தில் நோன்பிருக்க விரும்பும் நோயாளி முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். நோயுற்றோரைத் திருச்சபை உண்ணா நோன்புக்குக் கட்டாயப்படுத்துவதில்லை.

தன்னைப் பேணுதல் தனியொருவரால் ஆவதன்று. ஜாஸ்லினின் செவிலியர் ஏன் சமையலறைக்குச் சென்றனர் என்று எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்கு மட்டும் தனி உலை வைத்தால் அது சில நாளில் நின்றுபோகும். குடும்பம் முழுவதும் கீரையையும் காய்களையும் கூட்டி, சோற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் நோயாளிக்குத் தனிமை தோன்றாது. மாலையில் உடன் நடக்க ஒருவர், இரவில் பாதத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் எவ்வளவோ துன்பம் தடுக்கப்படும்.

ஜாஸ்லின் பெயரால் இயங்கும் மையம், இன்சுலினோடு 50 ஆண்டுகள் வாழ்ந்தோருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பிக்கிறது. 75 ஆண்டுகள் வாழ்ந்து பதக்கம் பெற்றவர்களும் உள்ளனர். நம் ஊர்களில் பதக்கமின்றியே இதே ஓட்டத்தை ஓடிக்கொண்டிருப்போர் பலர். ஊர்த் திருவிழாவிலும் திருமணப் பந்தியிலும், இனிப்பைக் கையால் மெல்ல விலக்கிவிட்டு, சர்க்கரையில்லாத காப்பியைக் கேட்டு வாங்கும் அவர்களை நாம் அடையாளம் காணலாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அவர்களை வற்புறுத்தாமல் இருப்பதும் விருந்தோம்பலே.